பெருங்காய டப்பாவில் வெள்ளிச் சில்லுகள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆனால் வாய்த்ததோ உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலை. எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கண்ணாடிச் சில்லுகளின்மேல் வெள்ளி பூசுவது என் வேலை. வெள்ளி நைட்ரேட் கரைசலோடு குளுக்கோஸ் சேர்த்து அதில் சில்லை முக்கி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதன்மேல் படியும். இன்றைக்கு அதை நானோ என்கிறார்கள். நாங்கள் வெறுமனே ‘பூச்சு’ என்போம். அந்தச் சில்லைக் கடல்நீரில் நனைத்து லேசர் ஒளியில் வைத்தால், நீரில் கலந்திருக்கும் ரசாயனம் வெள்ளியில் ஒட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். கருவியின் பேனா தாளில் மலை மலையாக வரையும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒவ்வொரு விதமான மலை.

அந்தப் பேனா ஊர்ந்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடப்பேன்.

"தரை தேஞ்சுடும்லா, உட்காரும்மா" என்பார் டாக்டர். அவர்தான் எங்கள் மேலதிகாரி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த தமிழர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவர்.

பூச்சுப் போட்ட சில்லு காற்றுப் பட்டாலே கறுத்துவிடும். கடலுக்கு எடுத்துப் போக இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டும். எங்களிடம் இருந்த கண்ணாடிப் பெட்டி படகில் விழுந்து உடைந்தது. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் கணவர் கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவுகிறவர். எதையும் தூக்கிப் போட மனம் வராத ஆள். சமையலறையில் தேடி, தேக்கா சந்தையில் வாங்கிய பெருங்காயத்தின் காலி பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டு சன்னலோரம் வெயிலில் காயவைத்தார்.

"இந்தா, மோந்து பாரு. வாடையே இல்ல."

எனக்கும் தெரியவில்லை. தினமும் பெருங்காயத்தோடு புழங்குகிற மூக்குக்கு எப்படித் தெரியும்?

அந்த டப்பாவோடு கப்பல் பட்டறைகளை ஒட்டிய கடலுக்குப் போய் வந்தோம். மறுநாள் பேனா வரைந்த மலைகளைப் பார்த்து டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சல்ஃபர் காம்பவுண்டுமா. இவ்வளவு ஸ்ட்ராங்கா நான் பாத்ததே இல்ல. அந்த யார்டு தண்ணிதான். ரிப்போர்ட் போனா அங்க வேலைய நிறுத்திடுவாங்க."

அவர் காட்டியது என் கணவர் வேலை செய்யும் பட்டறையை. பட்டறைகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. எப்போது யார் பெயரைச் சொல்வார்களோ என்றிருந்த நிலையில், என் கையால் பூசிய வெள்ளி அவர் வேலைக்கு உலை வைத்துவிட்டது.

அன்று வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைத் தீய்த்தேன். அவர் வழக்கம்போல் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து கைகளில் தடவிக்கொண்டிருந்தார். தோல் சிவந்து உரிந்திருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார். வெள்ளி நைட்ரேட் பட்டு என் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். "உன் கை கரி, என் கை மிளகா. நல்ல ஜோடிலா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொல்லாமலே படுத்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். என் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வழக்கமாகப் புதுச் சில்லைச் சோதித்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவோம். டப்பாவில் கிடந்துவிட்டுக் கடலில் நனையாமல் திரும்பி வந்த சில்லை யாரும் சோதித்ததில்லை. மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்து ஒளியில் வைத்தேன். பேனா அதே மலைகளை வரைந்தது.

டப்பாவைத் திறந்து டாக்டரின் மூக்கருகே நீட்டினேன். அவர் கண்ணை மூடி ஆழ இழுத்தார்.

"ஐயோ, நம்ம வீட்டு ரசம்லா இது!"

பெருங்காயத்தின் வாடையே கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். அது பிளாஸ்டிக்கில் ஊறி, டப்பாவுக்குள் வெள்ளியில் ஏறியிருக்கிறது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குப் பறக்காத குறை.

"உங்க டப்பாதாங்க உங்க யார்டையே மாட்டிவிடப் பாத்துச்சு" என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப தண்ணியில ஒண்ணுமே இல்லயா?"

"திரும்பப் பாக்கணும்" என்றேன். கேட்ட விதம் எனக்கு உறுத்தியது.

புதுச் சில்லுகளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக்கொண்டு மறுபடி போனோம். இந்த முறை நனையாத சில்லையும் கூடவே சோதித்தோம். அதில் ஒன்றுமில்லை. கடலில் நனைந்ததில் பெருங்காய மலைகள் காணாமல் போயிருந்தன. அவை நின்ற இடத்தில், அவற்றால் மறைந்து கிடந்த சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. எத்தனை முறை வைத்தாலும் அதே மேடுகள். எதையோ கழுவப் பயன்படுத்தும் ரசாயனமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

"சின்னதுதாம்மா. ஆனா இருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்தார்.

அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த மேடுகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "டாக்டர்கிட்ட எழுத வேணாம்னு கெஞ்சிப் பாக்கட்டுமாங்க? அவர் நல்ல மனுஷன்."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வேலை போயிடும்னு பயப்படுறியா?"

"ஆமா. பின்ன?"

"நீ அந்தத் தண்ணியில ஒரு கண்ணாடிய முக்கி எடுத்துட்டுப் போயிட்டே. நான் நாள் பூரா தொட்டிக்குள்ள அது கலந்த தண்ணியிலதான் நிக்கிறேன். கழுவ ஊத்துறது என்ன மருந்துன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். சோப்புங்கிறான்." இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். "எழுதச் சொல்லு. அது என்னன்னும் கண்டுபிடிக்கச் சொல்லு."

இத்தனை நாளும் அவருடைய வேலையைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தேன். அந்தக் கைகள் அத்தனை நேரமும் என் எதிரில்தான் இருந்தன. கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் கறுத்த விரல்களால் அவர் கையில் எண்ணெய் தடவினேன். அடுப்பில் அவர் வைத்திருந்த சோறு பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.