நடந்து காட்டச் சொன்ன மும்தாஜ் சிஸ்டர்

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: முதலுதவி அறை மும்தாஜ் சிஸ்டர் காலையில் காலமாகிவிட்டார், மாலை கெலமங்கலத்தில் அடக்கம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்து வைத்தேன். ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் ஒரு முறையாவது அடிபடாதவர்கள் குறைவு. சிஸ்டரிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு.

அவர் வைத்தியத்தில் பாதி ஐஸ்தான். கேன்டீன் பிரிட்ஜில் தண்ணீர் பாக்கெட்டுகளை உறையவைத்து, துவைத்த பனியன் துணியில் சுற்றி வீக்கத்தின் மேல் வைப்பார். கடிகாரம் பார்த்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஒருமுறை வெல்டர் ஒருவர் தானே ஐஸ் கட்டியை வெறுந்தோலில் முக்கால் மணி நேரம் அழுத்திக்கொண்டு, கொப்புளத்தோடு வந்து நின்றார். "ஐஸும் சுடும்பா. அடுப்பு மட்டுந்தான் சுடும்னு நெனச்சிக்கினு இருந்தியா?" என்று கேட்டுக்கொண்டே மருந்து போட்டார்.

கால் பிசகிய அன்றே வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டு, மறுநாள் கணுக்கால் பன் மாதிரி உப்பி வந்த போர்க்லிப்ட் டிரைவருக்கும் திட்டு கிடைத்தது. "உள்ள ரத்தம் கசிஞ்சிக்கினு இருக்குது. நீ சூடு வெச்சி, இன்னும் வா வான்னு கூப்புட்டிருக்கியே!"

என் கதைக்கு வருகிறேன். நான் பிரஸ் லைன் சூப்பர்வைசர். முன்பு ஒரு நாள் ஆள் குறைவு, மாலைக்குள் லாரி ஏற்றியாக வேண்டும். வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் மல்லேஷ் டிராலியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்தார். சிஸ்டர் காலைத் தூக்கி வைத்து ஐஸ் வைத்தார். இருபது நிமிடத்தில் வீக்கம் ஏறுவது நின்றது. மல்லேஷ் சிரித்தார். "நொப்பி லேது, வலியே இல்ல சிஸ்டர்."

"அப்பறம் என்ன, அனுப்புங்க சிஸ்டர். மிஷின் சும்மா நிக்குது" என்றேன்.

"ஐஸு வலியத் தூங்க வெக்கும் சார், எலும்ப ஒட்டாது. மரத்துப்போன கால நம்பி இவர நிக்க வெக்கச் சொல்றீங்களா? கொஞ்சம் இருங்க."

மரப்பு விடும்வரை காத்திருந்துவிட்டு, "நாலு அடி நடந்து காட்டுப்பா" என்றார். இரண்டாவது அடியில் மல்லேஷ் சுவரைப் பிடித்தார். அப்போதும் நான் விடவில்லை. "ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சிக்கிறேன்" என்றேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமல் எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதினார். மேனேஜரிடம் சொல்வேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல். அன்று முழுக்க நின்றிருந்தால் எலும்பு விலகி, ஆபரேஷன்வரை போயிருக்கும் என்றாராம் டாக்டர். விசாரணை நடந்தது. என் வேலைக்கே உலை வைத்திருக்க வேண்டிய விசாரணை. ஆனால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். மல்லேஷ் இன்று மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறார். சிஸ்டரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள் முதலுதவி அறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மல்லேஷ் பெயருக்கு நேரே அவர் கையெழுத்தில் இருந்தது: "சூப்பர்வைசர் சொன்னதன் பேரில் எக்ஸ்ரேக்கு அனுப்பப்பட்டார்."

ஒரு வீக்கத்தைக்கூட நூலளவு குறைத்துச் சொல்லாத மனுஷி, எனக்காக எழுதிய பொய். நின்றபடியே அழுதேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரிதான். இனி என் லைனில் யார் விழுந்தாலும், அந்த வரி மெய்யாகவே இருக்கும்.