வெளிறு சீவிய வீடு

என் கணவர் அந்தோனிமுத்து முப்பது வருடம் டென்மார்க்கின் ஒடென்சேயில் யன்னல் தொழிற்சாலையில் கால்கடுக்க நின்று உழைத்தவர். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் வாடகை மாடிதான். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நகருக்கு வெளியே ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கினார். ஓக் மரச்சட்டங்கள், இடையிடையே களிமண் அப்பிய சுவர், நாணல் கூரை.

"மண் வீட்டிலயிருந்து ஓடிவந்து திரும்ப மண் வீட்டுக்கோ?" என்று கத்தினேன். சிரித்தார். சிரித்தே காரியம் சாதிக்கிற ஆள்.

அவருக்கு வீட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலில் அது ஒரே பெரிய அறையாம், நடுவில் நெருப்பு மூட்டுவார்களாம், புகைபோக்கியே கிடையாதாம். கூரைமரம் கரிபிடித்திருப்பது அதனால்தானாம். மேல்தளமெல்லாம் நூறு வருடம் கழித்து வந்ததாம். தச்சர் உளியால் வெட்டிய அடையாளங்களைத் தடவிக்கொண்டே நிற்பார். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

என் கண்ணில் பட்டது வேறு. மரச்சட்டங்களின் ஓரத்தில், பட்டையை ஒட்டியிருக்கும் மென்மரமான வெளிறு முழுக்கப் பூச்சி துளைத்த ஓட்டைகள். எங்கள் ஊரில் வீட்டு மரமென்றால் உள்ளேயிருக்கும் கெட்டி மரமான வைரம்தான் நிற்க வேண்டும். வெளிப்பக்கத்து வெளிறை விட்டால் கறையானுக்கு விருந்து. டென்மார்க்கில் கறையான் இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. "உந்த வெளிறைச் சீவி எறியுங்கோ" என்று ஓயாமல் நச்சரித்தேன்.

"கிடக்கட்டும் விடும் மேரிகிறேஸ். இவ்வளவு காலம் நிண்டதுதானே" என்றார். நான் கேட்டேனா? ஒரு கோடை முழுக்கச் சீவினார். சீவலை அடுப்பில் போட்டு எரித்தது நான்.

போன வருடம் கடிதம் வந்தது. புதிய சாலை எங்கள் வீட்டின் மேலால் போகிறதாம். இந்த நாட்டில் 1536க்கு முந்திய கட்டடம் என்றால் சட்டம் காக்கும். வயதை நிரூபித்தால் வீடு தப்பும். நூதனசாலையிலிருந்து ஒரு பெண் வந்து, மரச்சட்டங்களைத் துளைத்து, வருடத்துக்கு ஒன்றாக விழும் மரவளையங்களை எண்ணத் துண்டெடுத்துப்போனார்.

மறுமாதம் திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை. மிஞ்சிய கடைசி வளையம் 1511ஆம் வருடத்தது. மரம் வெட்டிய வருடத்தைக் காட்டும் வளையம் அதற்கு வெளியே, நாங்கள் சீவிய வெளிறில்தான் இருந்திருக்கிறது. அது இல்லாமல் 1525 என்றும் சொல்லலாம், 1545 என்றும் சொல்லலாம்; 1536க்கு முந்தியது என்று நிரூபிக்க வழியில்லை.

"இதை யார் சீவியது?" என்று டெனிஷில் கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார். "நான்தான். மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள்."

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அவர் போனபின், "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று அழுதேன்.

"வீடு போகப்போகுது. நீரும் உடைஞ்சு போனா நான் ஆரோட இருக்கிறது?"

பங்குனியில் இடிக்க வருகிறார்கள். இன்றுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. வாய்விட்டு ஒருமுறை ஏசினாரென்றால் எனக்கு ஆறும்.