ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் வடிவமைக்கிறேன். பெயர்தான் பெரிது. நாள் முழுக்கச் செய்வது கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பது, மீதி நேரம் சண்டை. என் மாமியாரைக் கேட்டால், "காதுல மாட்டிக்கிட்டு யாரையோ திட்டிக்கிட்டே இருக்குதுங்க" என்பார். பொய்யில்லை.

அப்போது சின்ன ஊர் கிளினிக்குகளுக்காக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். தலைமை வடிவமைப்பாளர் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். வடிவமைப்புப் படத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: ஒரு செல்போன் நம்பருக்கு ஒரு நோயாளி. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையின் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஓர் ஆளை எதை வைத்து அடையாளம் காண்பது என்பது கடைக்கால் மாதிரி. சுவர் எழுப்பிய பிறகு யார் தோண்டுவது?

"எங்க ஊர்ல போன் ஆளுக்கில்லீங்க, வூட்டுக்கு" என்றேன்.

"அது எட்ஜ் கேஸ் மேடம். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

எட்ஜ் கேஸ் என்றால் எப்போதாவது நடப்பது, இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும் மாமனாரின் போன்தான் அவருக்கும் அத்தைக்கும் நம்பர். எங்கள் தெருவே அப்படித்தான். கத்திப் பார்த்தேன், எடுபடவில்லை.

எங்கள் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் வெள்ளோட்டம் விட்டார்கள். மாமாவுக்குச் சர்க்கரை நோய். அவர் முதலிலேயே அங்கே பதிந்திருந்தார். சில நாள் கழித்து அத்தை முட்டி வலி என்று போனார். கவுண்டரில் இருந்த பெண் நம்பர் கேட்டாள், அத்தை சொன்னார், திரையில் மாமாவின் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? கேஸ், கரண்ட், வீட்டு வரி எல்லாம் இங்கே வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கிறது! இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். டாக்டர் எழுதிய முட்டி வலி மாத்திரையோடு, மாமாவின் பதிவில் இருந்த சர்க்கரை மாத்திரையும் தானாகவே சீட்டில் அச்சாகி வந்தது.

மறுநாள் காலை சமையலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கும்போது இப்படிப் பார்த்திருக்கிறேன். அவருக்காக வாங்கி வைத்திருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். ஐயோ, அவர் கண் என்னைத் தேடி நிலைகொள்ளும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

"அந்த மாத்திரைய ஏன் அத்தே போட்டீங்க?"

"அவரு மாத்திரையாட்டமே இருக்குதேன்னு நெனச்சன். டாக்டரு குடுத்தா சரியாத்தானே இருக்கும்?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் படங்களில் பயனாளர் என்று ஒரு குச்சி மனிதனை வரைவோம். அவன் எப்போதும் தனியாக நிற்பான். அவனுடைய போன், அவனுடைய பெயர், அவனுடைய நோய். எங்கள் வீட்டில் யாரும் அப்படித் தனியாக நின்றதில்லை. இத்தனை வருடம் அவனை நானும்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளோட்டத்தை அன்றே நிறுத்தினார்கள். ஆனால் அடுத்த வீடியோ கூட்டத்திலும் திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. "கவுண்டர்ல பேரைச் சரிபாக்கச் சொல்லி டிரெயினிங் குடுத்துரலாம் மேடம்" என்றார் தலைமை வடிவமைப்பாளர்.

கேமராவைப் போட்டேன்.

"அத்தே, செத்த இங்க வாங்க."

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

"இவங்கதாங்க உங்க எட்ஜ் கேஸ்" என்றேன்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் இருந்த முகங்களைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் சாப்ட்டீங்களாங்க?"

தலைமை வடிவமைப்பாளர்தான் பதில் சொன்னார்: "சாப்ட்டோம்மா. உங்களுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்னங்க, நல்லா இருக்கறன். சக்கர அவருக்குத்தாங்க. எனக்கில்லீங்க."

அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிவமைப்பாளர் அந்த வரியை அழித்தார்.