‘இல்லை’ என்றொரு பொத்தான்

கேட்ட கேள்விக்கு யாரும் ஏமாற்ற நினைக்காமலே பதில் சொல்லியும் உண்மை வந்து சேரவில்லை என்றால், குற்றம் யாருடையது? ஜொவிட்டாவுக்கு நாற்பது வயது நெருங்கும்போது இந்தக் கேள்வி வந்து வழியை மறித்தது.

சாந்தோமில் பிறந்தவள். வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். அவள் மட்டும் கணினி படித்து, தி. நகரில் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். விடைத்தாள்கள் குவிந்து கிடந்த வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, மதிப்பெண் போட முடியாத எதையும் அவள் நம்பியதில்லை. பில் போட எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த மாடியில் கூட்டம் தேங்குகிறது, எந்தக் கிளையில் சரக்கு படுத்துக் கிடக்கிறது, எல்லாவற்றையும் அளந்து முதலாளியின் மேசைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து கடையை வளர்த்தவர் ராஜரத்தினம். கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. முதலில் அலட்சியமாக இருந்தவர், போகப்போக அந்தத் திரையைப் பார்க்காமல் காபிகூடக் குடிக்காதவர் ஆனார். அவளுக்கு அதில் பெருமை. தேவைக்குச் சற்று அதிகமான பெருமைதான்.

ஒவ்வொரு பிரிவிலும் அவள் ஒரு சின்னத் தொடுதிரை வைத்திருந்தாள். வாங்காமல் போகிறவர் ஏன் போனார் என்று விற்பவர் அதில் தொட்டுச் சொல்ல வேண்டும். ‘விலை’, ‘பிடிக்கவில்லை’, ‘இல்லை’ என்று மூன்று பொத்தான்கள். கேட்ட சரக்கு கடையில் இல்லாவிட்டால் கடைசிப் பொத்தான்.

அடையாறு கிளையில் அந்தக் கடைசிப் பொத்தானை யாரும் தொடவே இல்லை. ‘பிடிக்கவில்லை’ மட்டும் குவிந்தது. கூட்டம் வருகிறது, சரக்கு இருக்கிறது, விற்கத்தான் ஆட்களுக்குத் துப்பில்லை என்று திரை சொன்னது. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கிளையை மூடிவிட அண்ணாச்சி முடிவெடுத்தார். மூடினால் அங்கே நிற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். கடைசி அறிக்கையை ஜொவிட்டா கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் ஒருதரம் நேரில் பார்த்துவிடலாம் என்று போனாள்.

பருத்திச் சேலைப் பிரிவில் மீனாட்சி நின்றிருந்தாள். கிளையின் மேற்பார்வை அவளுடையது, அண்ணாச்சியின் ஊர்க்காரி. பெசன்ட் நகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மாம்பழ நிறத்தில் சுங்குடி கேட்டார்.

“வரும்மா. வெள்ளிக்கிழமை வரும்,” என்றாள் மீனாட்சி. அவர் போனதும் ‘பிடிக்கவில்லை’யைத் தொட்டாள்.

“சரக்குதானே இல்ல அக்கா? ஏன் இதைத் தொட்டீங்க?” என்று ஜொவிட்டா கேட்டாள்.

“மெதுவாப் பேசுங்க மேடம். சாமி படத்துக்கு விளக்கு எரியுது. கடையில நின்னுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லலாமா?”

“சொல்ல வேண்டாம். தொட்டாப் போதுமே.”

“வாயால சொன்னாலாவது காத்தோட போயிரும். இதுல தொட்டா நேரா அண்ணாச்சி மேசையில போய் நிக்கும்லா?”

ஜொவிட்டாவுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கருவியில் பழுதில்லை. இந்தப் பெண்களிடம் வஞ்சகமும் இல்லை. கடைக்காரர் வாயில் வராத சொல்லை அவள் கடைக்காரர்களிடமே கேட்டிருந்தாள்.

அன்றே அந்தப் பொத்தானின் பெயரை ‘வரும்’ என்று மாற்றினாள். அதன்பின் திரை முழுக்க ‘வரும்’தான். அடையாறு கேட்டது தினமும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பருத்தி, தி. நகரிலிருந்து போனதெல்லாம் கல்யாணப் பட்டு. பிழை தன்னுடையது என்று அண்ணாச்சியிடம் விளக்கினாள்.

“நானே கடையில அந்த வார்த்தைய சொன்னதில்ல. ஒங்க பெட்டிகிட்ட மட்டும் சொல்லுவாளுகளாக்கும்,” என்றார்.

தீபாவளிவரை பார்ப்போம் என்று கிளைக்குத் தவணை கிடைத்தது. கேட்ட பருத்திச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. தீபாவளி நெருங்கியபோது மூடுகிற பேச்சு போய், அடையாற்றுக்குப் புதிதாக ஆள் எடுக்கிற பேச்சு வந்தது.

உற்சாகமான அண்ணாச்சி இன்னொன்று கேட்டார். பொத்தானைத் தொட்டவர் பெயரும் பதிவாகிறதே. ஒழுங்காகத் தொடுகிறவர்களுக்குப் பொங்கலுக்குப் பட்டுச்சேலை கொடுக்கலாம், பெயர்களை வரிசைப்படுத்தித் தர முடியுமா? நியாயமான ஆசைதான். மீனாட்சிதான் முதலில் வருவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேலைக்காகத் தொடுகிற விரல் உண்மையைத் தொடுமா? ஜொவிட்டா ஒருநாள் அவகாசம் கேட்டாள்.

மறுநாள், தொட்டவர் பெயர் பதிவாகும் பகுதியையே எடுத்துவிட்டாள். பழைய பதிவுகளில் இருந்த பெயர்களையும் மீட்க முடியாதபடி அழித்தாள். அண்ணாச்சி காரணம் கேட்டார். சேலை போன வருத்தத்தில் மீனாட்சியும் கேட்டாள். இருவருக்கும் அவள் சொல்லவில்லை.