இத்தாலிக்கு நான் மட்டும் போனேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் புது மாடல்களை உருவாக்கும் சாம்பிள் அறையில் எனக்கும் என் தோழிக்கும் எதிரெதிர் மேசை. நான் பள்ளிகொண்டாவிலிருந்தும் அவள் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ்ஸில் வருவோம். எங்கள் ஷூக்களை வாங்கிவந்த இத்தாலியக் கம்பெனிக்கு அந்த வருடம் அவள் வரைந்த மாடல்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. அங்கே நடக்கும் கண்காட்சிக்கு, வரைந்தவரையும் துணைக்கு ஒருவரையும் அனுப்பச் சொன்னார்கள். அந்தத் துணை நான்.

இருவரும் ஒன்றாகச் சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தோம். அடுத்த வாரம் ஐரோப்பாவில் ஒரு ரயில் நிலையத்தில் எவனோ குண்டு வைத்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் செத்துப்போனார்கள். கேன்டீன் டிவியில் அதைப் பார்த்தவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். "நாசமாப் போறவனுங்க" என்று அழுதாள்.

எனக்கு விசா வந்தது. அவளுக்கு மறுத்துவிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே அழைப்பு. எங்களுக்குள் வித்தியாசம் பெயரில் மட்டும்தான். பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லையாம்.

"இன்னாடி நோக்கம்? நீ போட்ட மாடல நீ காட்றதுல இன்னா நம்ப முடியல அவங்களுக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாத. நீ போய்ட்டு வா. ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும்தான் பேஜாரு."

முதலாளியும் முஸ்லிம்தான். "எனக்கே ஒவ்வொரு வாட்டியும் ஏர்போர்ட்ல தனி ரூம்ல வச்சு விசாரணைதாம்மா. எதுத்துப் பேசினா பிசினஸ் போய்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலை ஜாஸ்தியாக்கியது. அவள் வரைந்த ஷூ கண்டம் தாண்டலாம். அவள் தாண்டக் கூடாது.

கண்காட்சியில் அந்தக் கம்பெனி அதிகாரி, "வரைந்த பெண் எங்கே?" என்று கேட்டார்.

"உங்கள் அரசாங்கம் வேண்டாம் என்றுவிட்டது" என்றேன், பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

அவர் முகம் சிவந்தது. "அந்தக் குண்டில் எங்கள் ஊழியர் ஒருவரும் இறந்தார். இங்கே எல்லோரும் பயந்திருக்கிறார்கள்."

"அவர்களுக்காக அவளும் அழுதாள்" என்றேன். நானே செல்போனில் அவளை வீடியோவில் கூப்பிட்டு, வந்தவர்கள் முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொரு மாடலையும் அவளே விளக்கினாள். ஆர்டர் கிடைத்தது.

ஒரு வருடம்தான். பிறகு செங்கடலில் ஒரு ஆயுதக் கும்பல் சரக்குக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தது. சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு தாமதமாகப் போனது. இனி தங்களுக்குப் பக்கத்து நாட்டிலேயே பாதியைத் தைத்துக்கொள்வதாக இத்தாலிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு தையல் பிரிவை மூடினார்கள். அங்கிருந்த பெண்களில் சிலர் இப்போது பீடி சுற்றுகிறார்கள். தாக்கியவனுக்கு ஆம்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆர்டரைப் பாதியாக்கியவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

இந்த வருடம் மறுபடி அவளுக்கு அழைப்பு வந்தது. முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"விசா கேட்டு மறுபடி நான் போய் நிக்க மாட்டேன் சார்," என்றாள். "மாடல் வேணும்னா அவங்க இங்க வரட்டும்."