சீமைக்குப் போகிறவர் ‘வேண்டாமுங்க’ சொல்லக் கூடாது

காலேஜ் முடித்த பிள்ளைகளைச் சீமைப் படிப்புக்குத் தயார் செய்யும் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: நாம் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று தெரியவரும்போது அவர்கள் ஆறாயிரம் மைல் தள்ளி இருப்பார்கள். பிள்ளையைக் கப்பல் ஏற்றிவிட்டுத் தபால்காரர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும், அடுத்தவர் பிள்ளைக்கு ஜவாபு சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் சொல்வதில் பாதியை நம்பினாலே எனக்கு லாபம்தான்.

கப்பல் வாத்தியார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்கு வந்த பெயர் இது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கப்பலில் மூன்று வருஷம் சாப்பாட்டு மேஜையில் பரிமாறிவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியிருந்தேன். என் கப்பல் ஏடன் வரைக்கும்தான் போகும். அதற்கு அப்பால் இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையை எந்தப் பக்கம் நீட்டுவதென்று எனக்குத் தெரியாது. நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

மோகனூர்ப் பக்கமிருந்து நாச்சிமுத்துக் கவுண்டர் தன் மகன் பழனிசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் பி.ஏ. தேறியவர், என்னைவிட ஐந்து வயது இளையவர், என்னைவிட ஐம்பது மடங்கு படித்தவர். ஸ்காட்லாந்தில் விவசாயப் படிப்புக்கு இடம் கேட்டிருந்தார். சேலத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இவரை நேரில் பார்த்து, ‘இவர் அங்கே வந்து காலம் தள்ளுவார்’ என்று கடிதம் கொடுத்தால்தான் இடம். போன வருஷம் துரையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். துரை ஏன் கடிதம் தரவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. இன்னும் இரண்டு மாசத்தில் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். அதோடு சரி, இன்னொரு வாய்ப்புக் கிடையாது. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நாங்க பண்ணாத வெவசாயமா? அதைப் படிக்கச் சீமைக்குப் போறானாமா! சரி, போகட்டும். இந்தத் தடவையும் கடுதாசி கெடைக்கலீன்னா ஆவணியில கல்யாணம், மக்கா நாளே கரும்புக் காடு. அவனாச்சு, நீங்களாச்சு.”

காவேரியில் ஒரு கடல்

ஆள் ஒல்லி. கப்பல் ஆட்டத்தைத் தாங்க மாட்டார் என்று துரை நினைத்திருப்பார் என்று நானாகவே முடிவு கட்டினேன். மோகனூர் ஆற்றில் அப்போது நல்ல தண்ணீர். பரிசல்காரர் மாரப்பனிடம், “அக்கரைக்குப் போக வேண்டாம், நடு ஆற்றில் நிறுத்திச் சுற்று” என்றேன். மாரப்பனுக்கு வாழ்நாளில் அப்படி ஓர் உத்தரவு கிடைத்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் சுற்றினார். சுற்றிய சுற்றில் ஆற்றில் பள்ளம் விழுந்து அடிமணல் தெரிந்தது. மேலே பறந்துபோன கொக்கு ஒன்று கீழே பார்த்துத் தலைசுற்றிப் பரிசலுக்குள்ளேயே விழுந்தது. சந்தேகம் இருந்தால் மாரப்பனைக் கேளுங்கள். அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது.

பழனிசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் புரட்டினார் என்றுகூட ஞாபகம். நான் பரிசல் விளிம்பில் கவிழ்ந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் காவேரித் தாய்க்குக் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்தேன். மாரப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்: “ஏனுங்க, சீமைக்குப் போறது அவருங்களா, நீங்களா? நீங்கன்னா ஊட்லயே இருந்துக்குங்க சாமி.”

களியும் முள்கரண்டியும்

அடுத்தது சாப்பாட்டு மேஜை. இதில் நான் புலி. கவுண்டர் வீட்டில் மேஜை இல்லை. கழற்றி வைத்திருந்த பழைய கதவை இரண்டு முக்காலி மேல் போட்டு வேட்டியை விரித்தோம். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கம்பங்களி. இடக் கையில் முள்கரண்டி, வலக் கையில் கத்தி. பழனிசாமி குத்தினார். முள்கரண்டி களிக்குள் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. இழுத்தார், வரவில்லை. நான் இழுத்தேன், தட்டோடு வந்தது. கடைசியில் பண்ணையாட்கள் இரண்டு பேர் தட்டைப் பிடித்துக்கொள்ள, நான் காலை ஊன்றிப் பிடுங்கினேன். முள்கரண்டி பறந்துபோய்க் கூரை விட்டத்தில் செருகிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள்.

ஆனால் மனுஷர் விடவில்லை. சேலத்திலிருந்து வேறு முள்கரண்டி வந்தது. பத்தே நாளில் களியை வெட்டி, குழம்பில் தொட்டு, மீசையில் படாமல் சாப்பிட்டார். களியை இப்படிச் சாப்பிடுகிறவருக்கு ஸ்காட்லாந்தில் எந்தப் பதார்த்தமும் எதிர் நிற்க முடியாது. நான் கைதட்டினேன். நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்: “சோத்தைக் குத்தறானே, எனக்குப் பெத்த வயித்துல குத்தறாப்பல இருக்குதுங்க.”

காரணம் அகப்பட்டது

எல்லாம் தேறியாயிற்று என்று ஒத்திகை வைத்தேன். நான்தான் துரை. தலையில் ஒரு தொப்பி.

“உட்காருங்கள்” என்றேன்.

“பரவால்லீங்க” என்று நின்றார்.

“டீ சாப்பிடுகிறீர்களா?”

“வேண்டாமுங்க.”

தொப்பியைக் கழற்றினேன். “போன வருஷமும் இப்படித்தான் சொன்னீர்களா?”

“ஆமாங்க. கேட்டதும் வாங்கிக்கிட்டா மரியாதை இல்லீங்களே.”

“கடைசியில் துரை என்ன கேட்டார்?”

“நிசமாவே போறதுக்கு விருப்பமான்னு கேட்டாருங்க. உங்க இஷ்டமுங்கன்னு சொன்னேன்.”

நான் கதவு மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை இலையைக் கையால் மறைப்போம், மூன்றாம் தடவை சண்டை போட்டுப் பரிமாறினால் ஆறு இட்லி சாப்பிடுவோம். வெள்ளைக்காரன் ஒரு தடவைதான் கேட்பான்; வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம் என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கள் கப்பலில் பம்பாயில் ஏறிய ஒரு பெரிய மனிதர் ஏடன் வரைக்கும் மரியாதையாக மறுத்துக்கொண்டே வந்தார். ஏடனில் அவருடைய கோட்டு இறங்கியது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று நாங்கள் பொத்தானைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாளே பழனிசாமியை மல்லசமுத்திரத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரே வீதியில் கவுண்டருக்கு ஏழு வீடு சொந்தக்காரர்கள். எந்த வீட்டில் எது வேண்டுமா என்று கேட்டாலும் முதல் தடவையே ‘கொடுங்க’ என்று சொல்ல வேண்டும் என்பது பாடம். முதல் வீட்டில் அவருக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. பரிசலில் அசையாத ஆள், ஒரு டம்ளர் மோருக்கு நடுங்கினார். மூன்றாம் வீட்டில்தான் வாயிலிருந்து சத்தம் வந்தது. ஐந்தாம் வீட்டில் அவருடைய அத்தை பேச்சுக்கு, “இன்னும் ரெண்டு பணியாரம் வெக்கட்டுமா சாமி?” என்றார். “கொடுங்க அத்தை. நாலா வெய்யுங்க” என்றார் பழனிசாமி. அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்; கண்ணில் தண்ணீர்: “ஏனுங்க வாத்தியாரே, எங்கண்ணன் ஊட்ல பையனுக்குச் சோறு போடறதில்லீங்களா?”

துரை பங்களா

அந்த நாளும் வந்தது. கவுண்டர் பங்களா வாசல் மரத்தடியில் நின்றுகொண்டார். துரையின் பட்லர் எனக்குப் பழைய சிநேகிதர். தாழ்வாரத்து ஜன்னலோரம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

உட்காரச் சொன்னார் துரை. பழனிசாமியின் உதடு ‘பரவா’ வரைக்கும் குவிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். டீ வேண்டுமா? வேண்டும். பிஸ்கட்? வேண்டும். இன்னொரு கோப்பை? வேண்டும். நானும் பட்லரும் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டோம்.

துரை கோப்பையை நகர்த்திவிட்டு, இங்கிலீஷில் அதே பழைய கேள்வியைக் கேட்டார்: “உண்மையாகவே உனக்குப் போக வேண்டுமா?”

மல்லசமுத்திரத்து ஏழு வீட்டிலும் மோரும் பணியாரமும் வேண்டுமா என்றுதான் கேட்டார்களே தவிர, இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழனிசாமி ஜன்னல் வழியாக வெளியே மரத்தடியைப் பார்த்தார். பிறகு துரையின் முகத்தைப் பார்த்து நிதானமாக, “வேண்டும் ஐயா. போன வருஷமும் வேண்டியிருந்தது. சொல்லத் தெரியவில்லை. கடிதத்தை இன்றைக்கே கொடுங்கள்” என்றார்.

இது என் பாடத்தில் இல்லை. சொந்தச் சரக்கு. துரை சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்: “போன வருஷம் உன் பெயரில் ஒரு சந்நியாசி வந்தார். அவருக்கு உலகத்தில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அவரை எப்படி அனுப்புவது? நல்லவேளை, இந்த வருஷம் நீ வந்தாய்.”

ஊர்வலம்

கடிதத்தைக் கவுண்டர் வாங்கித் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார். சேலத்திலிருந்து மோகனூர் வரைக்கும் பஸ் நின்ற இடமெல்லாம் அதை எடுத்துக் காட்டினார். ராசிபுரத்தில் கூட்டம் கூடி பஸ் அரை மணி தாமதம். நாமக்கல்லில் டிரைவரே இறங்கிக் கும்பிட்டார். அதைக் காலேஜுக்கு அனுப்பியாக வேண்டும் என்று சொல்லி வாங்குவதற்குள் எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மோகனூரில் கண்டக்டர், “இங்கிலீஷ்ல என்னங்க எழுதியிருக்குது?” என்று கேட்டார். கவுண்டருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. மடித்துத் தலைப்பாகையில் திரும்பச் செருகிக்கொண்டே சொன்னார்: “என்ற பையன் வேணும்னு வாயத் தொறந்து கேட்டானாமா. அதைத்தான் தொரை எழுதியிருக்காரு.”

படிப்பை அவர்களே படித்துக்கொள்வார்கள். ‘எனக்கு வேண்டும்’ என்ற ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பதற்குள்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி ஆயுசு போய்விடுகிறது.