கறிவேப்பிலைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

தூத்துக்குடியில் ஓர் உரத்தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மூட்டைக்குள் தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல்சத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன். அந்தத் திமிரில் எங்கள் தெருவின் மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில், "ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு வாருங்கள், செடிக்கு என்னென்ன சத்து வேண்டும் என்று சொல்லித் தருகிறேன்" என்று தட்டிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் எங்கள் மாடியிலிருந்த ஒரே செடி கறிவேப்பிலை. அது சாகக் கிடந்தது. யூரியா போட்டேன், இலையோரம் இன்னும் கருகியது. பொட்டாஷ் போட்டேன், இருந்த இலையும் கொட்டியது. சனிக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து, "நாளைக்கு ஒருநாள் மட்டும் பச்சையா நின்னுரு தாயே" என்று கெஞ்சினேன். தெரு முன்னால் மானம் போகப்போகிறதே!

மறுநாள் காலை அதைத் தொட்டியோடு தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும், சாம்பல்சத்து காய்க்கும் தெம்புக்கும். பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலிருக்கும் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, நிழல் தேடி டேங்குக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா, இது யாரு? வகுப்புக்கு வராம அங்கன ஒளிஞ்சு நிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நுண்ணூட்டக் குறைபாடு என்று ஏதோ உளறினேன். அவள் ஒரு விரல் மண்ணெடுத்து நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"இது மண்ணா, ஊறுகாயா? என்னத்தளா ஊத்துத?"

"மீன் கழுவுன தண்ணிதான் மைனி. எல்லாரும் ஊத்துததுதான?"

"என்ன மீனு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கருவாடு. அதை ஊறவைத்த தண்ணீரும் மீன்தண்ணீர்தானே என்று மாதக்கணக்கில் ஊற்றியிருக்கிறேன். உப்பேறிய மண்ணில் வேரால் தண்ணீரையே உறிஞ்ச முடியாது. அதற்கு மேல் நான் கொட்டிய உரமும் ஒருவகை உப்புதான். ஆபீசில் யார் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதைச் சொல்வேன்.

"கருவாடு" என்றேன்.

மாடியே குலுங்கியது. ஒரு அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல், "நெத்திலிக் கருவாடுன்னா ஊத்தலாமாம்மா?" என்று கவலையோடு கேட்டார்.

மைனி தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவிப் பாக்கேன். பொழச்சா எங்க வீட்டுலதான் இருக்கும்."

"மைனி, அது என் செடி!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒன் செடிதாம்ளா. வந்து பாத்துட்டுப் போ."

செடி பிழைத்துத் தழைத்துவிட்டது. தாளிக்க இரண்டு இணுக்கு வேண்டுமென்று போனால், மைனி வாசலிலேயே என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாடிக்கு விடுகிறாள்.